உள்மடிப்பு வேண்டாம்

பால் பொங்குவதற்கும் அந்தக் கடைசிக் கேள்வி வருவதற்கும் சரியாக இருந்தது. முதல் ஆறு கேள்விகளை ஜோதிலட்சுமி எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்துப் பார்த்துத்தான் 'ஆம்' 'ஆம்' என்று தட்டிக்கொண்டு வந்தாள். ஏழாவது கேள்வி போனில் வந்து நின்றபோது அடுப்பில் 'புஸ்' என்று சத்தம் கேட்டது. கேள்விக்குக் கீழே 'பிறகு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கட்டைவிரலை அமுக்கிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அரை லிட்டர் பாலில் கால் லிட்டர்தான் தப்பியது.

திரும்பி வந்து பார்த்தால் முகநூலில் ஜோதிலட்சுமி என்ற ஆளே இல்லை. அவள் இருந்த இடத்தில் 'ஜோதி லேடீஸ் டெய்லர், பழனிசெட்டிபட்டி' என்று ஒரு வியாபாரப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அதற்குத்தானே ஆசைப்பட்டாள்.

பதினொரு வருடமாக அவளுடைய தையல் தொழிலும் வீட்டு விசேஷங்களும் ஒரே கணக்கில் நடந்துகொண்டிருந்தன. மாமனார் இறந்த செய்தியைப் போட்ட அன்று இரங்கல் தெரிவித்தவர்கள் நாற்பது பேர். அதே இடத்தில் ஜாக்கெட் தயாரா என்று கேட்டவர்கள் அறுபது பேர். ஒருத்தி மாமனாரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டின் நிறத்தில் துணி கிடைக்குமா என்று விசாரித்திருந்தாள். அன்றைக்கே ஜோதி முடிவு செய்துவிட்டாள், வீடு வேறு, கடை வேறு என்று.

தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கும் விஜய்ராஜ், அதைத் தானே மாற்றித் தருவதாகச் சொன்னான். ஜோதிக்கு ரோஷம். ஒரு முழு ரவிக்கைத் துணியை அளவு நாடா இல்லாமல் வெட்டுகிறவளுக்கு ஏழு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

இது வெறும் ஆசைக்காக மட்டும் செய்ததில்லை. அவள் கணவன் முத்துராஜா ஜீப்பில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறி இறங்குகிறவன். வீட்டின் முன் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் தையல் மிஷின் அவன் கண்ணை உறுத்த ஆரம்பித்து வெகு நாளாயிற்று. அந்த அறையைப் பால் பூத்துக்கு வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். தேனியில் அவன் சித்தப்பா மகனின் ரெடிமேடு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பெண் ஆள் தேவையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து முத்துராஜா ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"வீரபாண்டிக் கோயில் தேர்த் திருவிழாவுக்குள்ள ஐம்பது ஆர்டர் வந்துச்சுன்னா மிஷின் இங்கனயே நிக்கட்டும். வரலைன்னா மாடிப்படிக்கு அடியில. நீ ரெடிமேடு கடைக்குப் போ. சாரமில்ல, நிழல்ல நிக்கிற வேலைதான்" என்றான். 'சாரமில்ல' என்பது மலைக்கு மேலே அவன் பொறுக்கிக்கொண்டு வந்த மலையாளம். பரவாயில்லை என்று அர்த்தம்.

ஜோதிக்குச் சாரம் இருந்தது. தைக்கிறவளைக் கொண்டுபோய் ரெடிமேடு விற்க நிறுத்துவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தேருக்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது.

முதல் அடி அன்று சாயங்காலமே விழுந்தது. பழைய கணக்கின் செய்திகள் ஒன்றைக்கூடக் காணவில்லை. கண்டவனும் கூப்பிடுவான் என்று போன் நம்பரை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. எல்லா வாடிக்கைக்காரிகளும் தங்கள் மார்பளவு, இடுப்பளவு, கை உயரம் எல்லாவற்றையும் முகநூலில்தான் அனுப்பியிருந்தார்கள். நோட்டில் எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பழனிசெட்டிபட்டியின் அத்தனை பெண்களுடைய இடுப்பளவும் ஒரே நாளில் காற்றோடு போயிற்று.

இரண்டாவது அடி, மறுநாள். கணவனின் அக்கா பூமாரி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஜோதியைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைய பிளாக் பண்ணிட்டேல்ல" என்றாள்.

"நான் எதுக்கு மதினி உங்கள பிளாக் பண்ணப் போறேன்? பேஜு ஆரம்பிச்சிருக்கேன். பேரைப் போட்டுத் தேடுங்க, வரும்."

பூமாரி அங்கேயே குடத்தை இறக்கிவைத்துத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. ஜோதி தன் போனைக் காட்டினாள். அதில் பக்கம் ஜம்மென்று இருந்தது. அதைப் பார்த்ததும் பூமாரிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எல்லாருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் மறைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

இந்தக் கெட்ட பெயரைத் துடைக்க ஜோதி வீடு வீடாகப் போய், யாரையும் பிளாக் பண்ணவில்லை என்று சொன்னாள். அதுவரை அவளைத் தேடிப் பார்க்காதவர்களும் அன்றைக்குத் தேடினார்கள். யாருக்கும் வரவில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஜோதியோடு பேச்சை நிறுத்தினாள்.

"எனக்கும் காட்டலையே ஜோதி" என்று முத்துராஜா ஒரு நாள் சொன்னான்.

"உங்க போன்ல எதுதான் தெரிஞ்சிருக்கு? கண்ணாடி உடைஞ்சு ஒரு வருசமாச்சு" என்றாள் அவள். அவன் போன் அப்படித்தான் இருந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

விஜய்ராஜிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கடையில் அவ்வளவு வாய் பேசிவிட்டு எந்த முகத்தோடு போவது? பத்து நாளாக அவன் கடைக்கு முன்னால் நடக்காமல் அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

பதினோராம் நாள். ஆர்டர் பூஜ்யம். பின்தொடர்பவர் பூஜ்யம். உச்சிப்பொழுது, மணி சரியாகப் பன்னிரண்டு. சித்திரை வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எதிர் வீட்டு முருங்கையில் எப்போதும் கத்துகிற காக்கையும் வாயை மூடிக்கொண்டிருந்தது. மிஷின் மேலிருந்த போன் ஒரு தரம் அதிர்ந்தது.

சிட்டு என்ற பெயரில் ஒரு செய்தி. படம் இல்லை, வெறும் சாம்பல் நிறத் தலை. "அக்கா, பாவாடை வேணும். பச்சை. அரக்குக் கரை."

ஜோதி பதில் எழுதுவதற்குள், அவள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த தானியங்கிப் பதில் முந்திக்கொண்டது. "வணக்கம். அளவை அனுப்பவும். வளரும் பிள்ளைகளுக்கு உள்மடிப்பு இலவசம்."

இந்த உள்மடிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோதியின் பெயரே அதில்தான் நின்றது. சிறு பிள்ளைகளின் பாவாடைக்கு விளிம்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ஒரே பாவாடை மூன்று வருடம் போகும். தாய்மார்கள் அதற்காகவே சின்னமனூரிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள்.

சிட்டு எழுதியது: "இடுப்பு இருபத்திரண்டு. நீளம் இருபத்தெட்டு. உள்மடிப்பு வேணாம்க்கா."

வேண்டாம் என்று சொன்ன முதல் வாடிக்கை இதுதான். ஜோதிக்குச் சுருக்கென்றது. வயது என்ன என்று கேட்டாள். பத்து என்று வந்தது. பத்து வயதில்தானே கொடி மாதிரி வளரும், அடுத்த வருடமே பத்தாதே என்று எழுதினாள்.

"பத்தும்" என்று பதில் வந்தது. கூடவே கம்பத்தில் ஒரு விலாசமும், 'அம்மாட்ட குடுங்க' என்ற ஒரு வரியும்.

பதினொரு நாளில் வந்த ஒரே ஆர்டர். மறுநாளே தைத்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. வாசல் முழுக்க வாழை இலைக் கட்டு. கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பெயர் மொக்கம்மாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவாக இருக்க முடியாது. ஜோதி தயங்கிக்கொண்டே, சிட்டு கேட்ட பாவாடை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள்.

மொக்கம்மாள் தெளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"என்ன கலரு கேட்டா?"

"பச்சை. அரக்குக் கரை."

அந்த அம்மாள் ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பையை வாங்கினாள். உள்ளே வரச் சொன்னாள். உள் அறையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் பின்னால் ஒரு பனையோலைப் பெட்டி. அதைத் திறந்தபோது ஜோதிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வரிசையாகப் பாவாடைகள் இருந்தன. முப்பது, நாற்பது இருக்கும். அடியில் இருப்பவை சாயம் போய், மேலே இருப்பவை புதுக்கருக்கு மாறாமல். எல்லாம் ஒரே உயரம்.

கல்யாணமாகாமல் இறந்துபோகிற பெண் பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவதும், வருடத்துக்கு ஒரு தடவை புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைப்பதும் அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஜோதியின் அம்மா வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. ஆனாலும் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"சிட்டு பேர்ல யாரும்மா ஆர்டர் போட்டது?" என்று கேட்டாள்.

மொக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "திருப்பூர்ல என் பேத்தி இருக்கா. அவதான் போட்டிருப்பாத்தா. எங்களுக்கு ஏது போனு" என்றாள். பிறகு பாவாடையை விரித்து இடுப்புப் பட்டியை விரலால் அளந்து பார்த்தாள். "நாங்க வருசா வருசம் ரெடிமேடுதான் எடுப்போம். இடுப்பு லூசாத்தான் இருக்கும். கனாவுல வரயில எல்லாம் பாவாடைய ஒரு கையில பிடிச்சுக்கிட்டேதான் வருவா."

பேரம் பேசவில்லை. கேட்டதற்கு மேலே ஒரு வாழைத்தாரையும் கட்டிக் கொடுத்தனுப்பினாள். திருப்பூர்ப் பேத்தி என்று கேட்டதும் ஜோதிக்கு மூச்சு வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு, பயந்ததை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பக்கத்துக்கு முதல் மதிப்புரை வந்தது. சிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். அதன் கீழே ஒரே ஒரு வரி: "இப்ப ரெண்டு கையும் சும்மா இருக்கு."

ஜோதி அதை மூன்று முறை படித்தாள். பாட்டி பக்கத்து வீட்டுப் போனில் சொல்லியிருப்பாள், பேத்தி எழுதியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்தி இருக்கிற பிள்ளை, சாமி எழுதுவது போலவே எழுதுகிறது. பாவாடை நன்றாக இருந்ததா இல்லையா? அதுதான் முக்கியம்.

நட்சத்திரத்தைப் பார்த்த உற்சாகத்தில் அவள் ஓர் அறிவிப்புப் போட்டாள். தோழிகளை அழைத்து வரும் பிள்ளைகளுக்கு இரண்டு முழம் ரிப்பன் இலவசம். இதை யோசித்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டு ஒரு காபி போட்டுக் குடித்தாள்.

அடுத்த உச்சிப்பொழுதில் போன் மிஷின் மேலேயே நகர ஆரம்பித்தது. அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழப்போனதை எட்டிப் பிடித்தாள். பின்தொடர்பவர் பதினேழு.

பேச்சி, ஒச்சம்மாள், வீரம்மாள், சின்னத்தாய். ஒருத்திக்கும் படம் இல்லை. இந்தக் காலத்தில் யார் பிள்ளைக்கு ஒச்சம்மாள் என்று பேர் வைக்கிறார்கள் என்று ஜோதி யோசித்தாள். எல்லாம் வீட்டுச் சாமிகளின் பெயர்தான். எல்லாருடைய வீட்டிலும் ஒரு திருப்பூர்ப் பேத்தி இருக்கிறாள் போலிருக்கிறது.

தானியங்கிப் பதில் ஒவ்வொருத்திக்கும் உள்மடிப்பு இலவசம் என்று சளைக்காமல் சொல்ல, ஒவ்வொருத்தியும் வேண்டாம் என்று சளைக்காமல் எழுதினாள். தொந்தரவாக இருக்கிறதே என்று ஜோதி அந்தப் பதிலை மாற்றினாள். 'போன வருடத்தைவிட எத்தனை அங்குலம் கூடியிருக்கிறது?' என்று கேட்கும்படி வைத்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பதினேழு பேரும் ஒரே மாதிரி பதில் எழுதினார்கள்.

"கூடாது."

போன் முழுக்க அந்த ஒரே வார்த்தை வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, ஜோதி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கேள்வியை எடுத்துவிட்டாள்.

ஆனால் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. பொட்டிப்புரம், சின்னமனூர், போடி, கூடலூர் என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எந்த வீட்டிலும் தாங்கள் ஆர்டர் போட்டதாகச் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் இல்லை. சென்னை மகன், கோயம்புத்தூர் மருமகள் என்று ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒரு தூரத்து ஆள் மேல் பழியைப் போட்டுவிட்டுத் துணியை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். பொட்டிப்புரத்தில் ஒரு பெரியவர் அறையைச் சாத்திக்கொண்டு, வெளியே வர அரை மணி நேரம் ஆக்கினார். வந்தபோது கண் சிவந்திருந்தது. மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனதாகச் சொன்னார். மாடு வாசலில் கட்டியிருந்தது.

முப்பதாவது ஆர்டரில் ஜோதியின் தொழில் புத்தி கெடுத்தது. கேட்டவள் ராக்கு, வயது ஏழு. ஏழு வயதுப் பிள்ளையின் பாவாடையை உள்மடிப்பு இல்லாமல் முடிக்க அவள் கை வரவில்லை. பதினொரு வருடப் பழக்கம் அது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டு விரல் மட்டும் உள்ளே மடித்து, தையல் தெரியாமல் முடித்து, பையில் போட்டு, பையின் வாயையும் கட்டிவிட்டாள்.

உச்சிப்பொழுது. போன் அதிர்ந்தது.

"மடிச்சிருக்கீக" என்று எழுதியிருந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "வளரணும்போல ஆசையா இருக்கும்க்கா. அவிழ்த்துருங்க."

ஜோதி எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம் யோசித்து, தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்துவைத்தாள். எது பாதுகாப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. பையின் முடிச்சை அவிழ்த்து, பாவாடையை மடியில் போட்டு, அந்த இரண்டு விரல் மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள். பிரிக்கப் பிரிக்க அழுகை வந்தது. ஏழு வயதில் நின்றுபோன ஒரு பிள்ளைக்கு வளர இடம் விட்டு வைத்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் முத்துராஜாவிடம் சொன்னாள். அவன் மலைப்பாதையில் எத்தனையோ பார்த்தவன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான்.

"போன்ல கேமரா இருக்குல்ல, அது வழியாப் பாக்குறாக. கேரளாவுல இப்படி நெறையா நடக்குது" என்று சொல்லிவிட்டு, ஜீப்பின் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்துவந்து கேமராவின் மேல் ஒட்டினான். ஒட்டிவிட்டுப் பின்பக்கக் கேமராவுக்கும் ஒன்று ஒட்டினான். அடிபட்ட ஆள் மாதிரி ஆயிற்று போன்.

மறுநாள் உச்சிக்கு ராக்குவிடமிருந்து செய்தி வந்தது. "போனுக்கு என்னாச்சுக்கா? காயமா?"

அதற்குப் பிறகு முத்துராஜா பால் பூத்துப் பேச்சை எடுக்கவில்லை. முன் அறையைக் கடக்கும்போது மிஷினுக்குக் கொஞ்சம் தள்ளி நடந்தான். பந்தயத்தை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு முறை கேட்டான். ஜோதி சம்மதிக்கவில்லை. பயந்தாலும் பந்தயம் பந்தயம்தான். தானமாக விட்டுக் கொடுத்த அறையில் அவளுக்கு மிஷின் ஓடாது.

தேருக்கு மூன்று நாள் இருந்தது. நாற்பத்தொன்பது ஆர்டர் முடிந்தது. அதற்குப் பின் ஒரே அமைதி. முதல் நாள் உச்சிக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. இவ்வளவு நாளும் பன்னிரண்டு மணியானால் போனைத் திரும்பிப் பார்க்கப் பயந்தவள், இப்போது போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்திகூடவா பாக்கி இல்லை என்று வாய்விட்டே கேட்டுவிட்டு, கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம். ஓவி என்ற பெயரில் வந்தது.

"மயில் கழுத்துக் கலர். ரெண்டு பக்கமும் பை வேணும். அம்மா பை வேணாம்னு சொல்லும். நீங்க வச்சிருங்க."

கீழே விலாசம். பக்கத்துத் தெரு. பூமாரி மதினி வீடு.

பூமாரிக்கு ஓவியா என்று ஒரு மகள் இருந்ததும், எட்டு வயதில் காய்ச்சலில் போனதும் ஜோதிக்குத் தெரியும். அது அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பு நடந்தது. அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை, படம்கூட மாட்டியதில்லை. ஜோதிக்கு இப்போது பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. மதினி கோபம் தணிந்து பக்கத்தைப் பார்த்துவிட்டாள். ஊரெல்லாம் வீட்டுச் சாமிக்கு ஜோதியிடம் தைப்பது அவள் காதுக்கும் போயிருக்கும். நேரில் வந்து கேட்க ரோஷம் விடவில்லை, மகள் பேரில் எழுதிவிட்டாள். ஐம்பதாவது ஆர்டர் சொந்த மதினியிடமிருந்து. இதைவிட என்ன வேண்டும்?

அன்று அவள் தைத்த மாதிரி அந்த மாதம் முழுவதும் தைக்கவில்லை. இரண்டு பையும் தையல் வெளியே தெரியாமல், ஒரு சின்னக் கை உள்ளே போய் வர வசதியாக வைத்தாள். உள்மடிப்பு வைக்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் பூமாரி வீட்டு வாசலில் நின்றாள்.

பூமாரி முதலில் கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஜோதி பாவாடையை நீட்டிய பிறகு திறந்தாள். வாங்கிப் பார்த்தவள், பக்கவாட்டில் இருந்த பையைக் கண்டதும் அதற்குள் கையை விட்டாள். விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பை வைக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதானே மதினி எழுதியிருந்தீக."

"நான் எழுதலை ஜோதி." பூமாரியின் குரல் அடங்கிப் போயிருந்தது. "புளியம்பழத்தப் பொறுக்கிப் போட்டுக்கிறணும்னு பாவாடைக்குப் பை கேட்டுக்கிட்டே இருந்தா. கறையாகும்னு நான் வைக்கவே இல்ல. இத நான் என் வீட்டுக்காரர்ட்டகூடச் சொன்னதில்ல."

அவள் அழுதாள். ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அழுதாள். ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற கோபம் அந்த அழுகையில் கரைந்துபோயிற்று. ஜோதி மட்டும் இன்னும் பிடிவாதமாக நம்பிக்கொண்டிருந்தாள், மதினி எழுதிவிட்டு வெட்கத்தில் மறைக்கிறாள் என்று. அல்லது உறவில் யாரோ. திருப்பூரில் யாரோ.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பூமாரி பழைய பூமாரியானாள். "உன் பேஜைப் பாக்கவே முடியாம நான் எப்படி எழுதுவேன்? இந்தா, இப்பவும் வரலை பாரு. எல்லாரையும் சேத்துக்கிட்டு என்னைய மட்டும் பிளாக் பண்ணிட்டு, இப்ப நான் எழுதுனேன்னு வேற சொல்லுற. வா, விஜய்ராஜ்ட்ட காட்டுவோம். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரணும்."

ஜோதிக்கு இனி மறுக்க வழியில்லை. ஐம்பது ஆர்டர் முடித்தவளுக்கு விஜய்ராஜின் முகத்தைப் பார்க்க என்ன கூச்சம்? முப்பத்தைந்து நாளாகச் சுற்றிப் போன தெருமுனைக்கு அன்று நேராக நடந்தாள். பிளாஸ்திரி ஒட்டிய போனை அவன் முன்னால் வைத்து, பின்தொடர்பவர்கள் ஐம்பது, வந்த மதிப்புரை எல்லாவற்றிலும் ஐந்து நட்சத்திரம், ஏழு கேள்விக்கும் தானே பதில் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மதினியைத் தெரியாமல் பிளாக் பண்ணியிருந்தால் எடுத்துவிடச் சொன்னாள்.

விஜய்ராஜ் பிளாஸ்திரியைப் பார்த்தான். அமைப்புகளுக்குள் போய் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தின் பேரைப் போட்டுத் தேடினான். பூமாரியின் போனிலும் தேடினான். பிறகு மூன்று போனையும் மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீங்க யாரையும் பிளாக் பண்ணலக்கா. கடைசிக் கேள்வியில 'பக்கத்த இப்பவே திறந்துவிடவா'ன்னு கேட்டிருக்கு, நீங்க 'பிறகு'ன்னு அமுக்கிருக்கீக. இந்த நிமிசம் வரைக்கும் இது உங்களத் தவிர ஒரு மனுசர் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காதே."